பின்பக்க கேட்டில் இருக்கும் மெஷினும் உங்கள் 30 கேள்விகளும்

மதிப்பிற்குரிய கல்விக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஆறாவது செமஸ்டரில் நான் எடுத்துவந்த 'அறிவியல், தொழில்நுட்பம், சமூகம்' பாடத்தைப் பற்றிய உங்கள் தீர்மானம் சுற்றறிக்கையாகக் கைக்கு வந்தது. 3 கிரெடிட் பாடம் இனி கிரெடிட் இல்லாத பாடம். வகுப்பு கிடையாது, களப்பணி கிடையாது. மாணவர்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு 30 கொள்குறி வினாக்களுக்கு விடையைத் தட்டினால் 'தேர்ச்சி' என்று வந்துவிடும். இது எப்படி நடந்தது என்பதை உங்களுக்கே திருப்பி ஒப்பிக்கப் போவதில்லை. கூட்டக் குறிப்பை எழுதியவர்கள் நீங்கள். என் கோரிக்கை ஒன்றுதான். களப்பணியைத் திருப்பிக் கொடுங்கள். கிரெடிட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள், என் வகுப்பு நேரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள், களப்பணியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அந்த 30 கேள்விகளையும் படித்தேன். யார் சொன்னது, எந்த ஆண்டு, பின்வருவனவற்றுள் எது சரி. ஒரு கேள்வி தொழில்நுட்பத்தால் சமூகத்துக்கு விளையும் நன்மைகளைக் கேட்கிறது. நான்காவது விடை 'மேற்கூறிய அனைத்தும்'. கேள்வியைப் படிக்காமலே நம் மாணவர்கள் அதைத் தட்டிவிடுவார்கள். அந்தப் பயிற்சியை அவர்களுக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே கொடுத்திருக்கிறோம்.

பின்பக்க கேட்டில் இருக்கும் விரல் வைக்கிற மெஷினைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை எழுத முடியாது. உங்களில் யாரும் அதில் விரல் வைத்திருக்க வாய்ப்பில்லை. உங்கள் வருகைப்பதிவு வேறு மாதிரி. தூய்மைப் பணியாளர்களும் விடுதிச் சமையலறை ஆட்களும் தோட்ட வேலை செய்கிறவர்களும் காலை 6 மணிக்கு அதில்தான் விரல் வைக்க வேண்டும். 6.10-க்குள் விழவில்லையென்றால் அரை நாள் சம்பளம் பிடித்தம்.

போன ஆண்டு என் மாணவர்கள் நான்கு பேர் அந்த மெஷினைக் களப்பணிக்கு எடுத்துக்கொண்டார்கள். விடுதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அலைய வேண்டாம் என்பதுதான் காரணம். சமூக அக்கறை ஒன்றும் இல்லை. (எனக்கு அது பிடித்திருந்தது. அக்கறையோடு கிளம்புகிறவர்கள் முடிவுரையை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறார்கள்.) இரண்டு வாரம், தினமும் அரை மணி நேரம், பார்த்ததை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள், கருத்துச் சொல்லாதீர்கள் என்று அனுப்பினேன்.

அவர்கள் கொண்டுவந்த நோட்டில் ஒரு அம்மா இருந்தார். கழிவறைகளைக் கழுவுகிறவர். விரலை வைக்கிறார், சிவப்பு விளக்கு. துணியில் துடைத்துக்கொண்டு மறுபடி வைக்கிறார், சிவப்பு. வாயருகே கொண்டுபோய் ஊதுகிறார், வைக்கிறார். வேறு விரல். பிறகு பின்னால் நிற்கிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறார். வரிசை முடிந்ததும் விரலை நெற்றியில் தேய்த்துக் கொஞ்சம் எண்ணெய்ப் பசை ஏற்றிக்கொண்டு மறுபடி வருகிறார். இந்த நெற்றி உபாயத்தை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. மெஷினோடு தினமும் மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டது. பாடத்திட்ட மொழியில் சொன்னால், அந்தக் கருவியைப் பற்றி நம் வளாகத்திலேயே அதிகம் தெரிந்தவர் அவர்தான்.

ப்ளீச்சிங் பவுடரும் ஆசிடும் நாள்தோறும் படுகிற கையில் ரேகையின் மேடுகள் தேய்ந்துவிடும். காய்ந்த தோல் சென்சாரில் சரியாகப் படியாது. முன்பு பதிந்த ரேகையோடு இப்போது வைத்ததை ஒப்பிட்டு மெஷின் ஒரு மதிப்பெண் போடுகிறது. அது குறித்த வரம்பைத் தாண்டினால்தான் பச்சை விளக்கு. வரம்பை உயர்த்தினால் அந்நியர் நுழைவது குறையும், உரியவரைத் திருப்பி அனுப்புவது கூடும். தாழ்த்தினால் நேர் எதிர். இது கணினித் துறையில் ஐந்தாவது செமஸ்டரிலேயே நடத்துகிற பாடம். நன்றாகவே நடத்துகிறார்கள். அந்த வரம்பை இங்கே வைக்கலாம் என்று யார் முடிவு செய்தார், இரண்டு தவறுகளில் எது பரவாயில்லை என்று யாரைக் கேட்டுத் தீர்மானித்தார், அந்தத் தவறுக்கான செலவு யார் தலையில் விழுகிறது என்பது மட்டும் எந்த செமஸ்டரிலும் வருவதில்லை. என் பாடத்தில் வந்தது.

நால்வரில் ஒரு பெண், வகுப்பில் வாயே திறக்காதவள், அந்த மெஷினின் பதிவுக் கோப்பைக் கேட்டு வாங்கி வந்தாள். இரவு முழுக்க அதை நோட்டோடு வைத்து ஒப்பிட்டிருக்கிறாள். கோப்பில் விரல் விழுந்த நேரம் மட்டும் இருந்தது. விழாத முயற்சிக்கு வரியே இல்லை. 5.55-க்கு வந்து 14 தடவை விரல் வைத்து 6.19-க்குப் பச்சை வாங்கிய அந்த அம்மா, கோப்பைப் பொறுத்தவரை 6.19-க்கு வந்தவர். "மேம், அவங்க லேட் இல்ல, மெஷின்தான் லேட். ஆனா அதை மெஷின் எழுதிக்காது" என்றாள். ஒன்பது ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். கருவிகள் எதைப் பதிவு செய்கின்றன, எதைப் பதிவு செய்யாமலே இல்லாததாக்கிவிடுகின்றன என்பதைப் பற்றி நான் எடுத்த எந்த வகுப்பும் இத்தனை சுருக்கமாக இருந்ததில்லை.

இதை 30 கேள்விகளில் எந்தக் கேள்வியாக வைப்பீர்கள்?

அறிக்கையின் நகலை நிர்வாகத்துக்கும் கொடுத்தோம். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பணியாளர்களிடம் மாணவர்கள் பேச வேண்டுமென்றால் எழுத்துப்பூர்வமான முன் அனுமதி பெற வேண்டும் என்றது. அதற்கு அடுத்த கூட்டத்தில் களப்பணி 'மாணவர் பாதுகாப்பு கருதி' நீக்கப்பட்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நான் சொல்லவில்லை. எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று வரிசையை மட்டும் சொல்கிறேன்.

மாணவர்கள் நிபுணர்களிடம் பேசட்டும், கடைநிலை ஊழியரிடம் பேசி என்ன தெரிந்துகொள்ளப் போகிறார்கள் என்று உங்களில் ஒருவர் கூட்டத்தில் கேட்டதாக அறிந்தேன். அந்த உறுப்பினருக்கு, மிகுந்த மரியாதையோடு, செம்மறி ஆடு மேய்ப்பவர்களின் கதை ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தது. மே மாதத் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைப்பகுதியில் பெய்த மழையோடு கதிரியக்க சீசியமும் இறங்கியது. ஜூனில் அரசு அங்கே ஆடுகளை விற்கத் தடை போட்டது. மூன்று வாரம் பொறுங்கள், சீசியம் மண்ணில் பிடித்துக்கொள்ளும், புல்லுக்கு ஏறாது என்றார்கள் விஞ்ஞானிகள். அவர்கள் கணக்கு தப்பில்லை. களிமண்ணை வைத்துப் போட்ட கணக்கு அது. மலையில் இருந்ததோ தழை மக்கிய அமில மண். அந்த மண்ணில் சீசியம் அடங்கவில்லை, திரும்பத் திரும்பப் புல்லுக்கு ஏறியது. மூன்று வாரத் தடையின் கடைசி மிச்சம் நீங்கியது 2012-இல்.

எனக்கு இதில் பிடித்த இடம் வேலி. பென்டோனைட் களிமண்ணைத் தூவினால் சீசியம் கட்டுப்படுமா என்று பார்க்க, நிலத்தைத் துண்டு துண்டாக வேலி போட்டு, உள்ளே ஆடுகளை அடைத்துச் சோதித்தார்கள். மலையில் இஷ்டத்துக்குத் திரிந்து மேய்கிற ஆடு, அடைத்தால் இளைத்துவிடும், உங்கள் அளவீடு எதற்கும் உதவாது என்று மேய்ப்பர்கள் சொன்னார்கள். யாரும் காது கொடுக்கவில்லை. பிறகு அந்தச் சோதனைகளைக் கைவிட வேண்டியிருந்தது, அவர்கள் சொன்ன அதே காரணத்துக்காக. சமூகவியலாளர் பிரையன் வின் இதையெல்லாம் அங்கேயே போய் அந்த மக்களிடம் பேசித்தான் எழுதினார். நிபுணரிடம் மட்டும் பேசியிருந்தால் ஆடு ஏன் இளைத்தது என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

இந்தப் பாடம் அறிவியலுக்கு எதிரானது, விஞ்ஞானம் தெரியாதவர்கள் உட்கார்ந்து விஞ்ஞானியைக் குறை சொல்வது என்ற பேச்சும் அடிபட்டதாம். நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், இந்தத் துறையைச் சுற்றிப் பிதற்றலும் நடந்திருக்கிறது. 1996-இல் இயற்பியலாளர் அலன் சோக்கல் வேண்டுமென்றே அபத்தமாக எழுதி அனுப்பிய கட்டுரையை ஒரு பண்பாட்டாய்வு இதழ் பயபக்தியோடு வெளியிட்டது. சிரிப்பாய்ச் சிரித்தார்கள், சிரிக்க வேண்டியதுதான். அதற்காக முழுத் துறையும் அப்படி என்றால் எப்படி? எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1966-இல் அறிவியல் ஆய்வுப் பிரிவைத் தொடங்கியதே விஞ்ஞான மாணவர்களுக்குப் பாடம் நடத்தத்தான். அதன் முதல் இயக்குநர் டேவிட் எட்ஜ் வானொலி வானியல் படித்தவர். அறிவியல் எப்படி மாறுகிறது என்று எழுதிய தாமஸ் கூன் இயற்பியலில் முனைவர். அவருக்கும் முன்னால் 1935-லேயே அறிவியல் அறிவு கூட்டாக உருவாவதைப் பற்றி எழுதிய லுட்விக் ஃப்ளெக் மருத்துவர், நாளெல்லாம் ஆய்வகத்தில் கிடந்தவர். வேலி தாண்டி வந்த வெளியாட்கள் இல்லை, உங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான்.

பொறியாளருக்கு இதனால் என்ன பயன் என்பது அடுத்த கேள்வி. விரல் நுனியில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனைக் காட்டுகிற கருவியை எல்லோருக்கும் தெரியும். சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் தோலைத் தாண்டித்தான் ரத்தத்தைப் பார்க்கின்றன. தோலின் கருமை நடுவில் புகுந்து கணக்கைக் கெடுக்கும். கறுப்பின நோயாளிகளிடம் அது தப்பாகக் காட்டுகிறது என்று 1990-லேயே எழுதியாகிவிட்டது. 2020-இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். கருவி ஆக்சிஜன் 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய நேரங்களில், உண்மையான அளவு 88-க்குக் கீழே கிடந்தது வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். நடுவில் 30 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் கருவியைச் செய்தவர்களுக்கு ஒளியியல் தெரியாமல் இல்லை. யார் விரலில் சோதித்தோம் என்று கேட்கிற பழக்கம்தான் இல்லை. அந்தப் பழக்கத்துக்கு வீடியோ கிடையாது. ஒரு நாள் காலை 6 மணிக்கு கேட்டில் போய் நிற்க வேண்டும்.

நம் வளாகத்திலும் இப்போது 'பொறுப்பான செயற்கை நுண்ணறிவு' கருத்தரங்கம் ஆண்டுக்கு இரண்டு நடக்கிறது. பெரிய பேனர், குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர், நினைவுப்பரிசு. "தொழில்நுட்பம் மனிதநேயத்தோடு இருக்க வேண்டும்" என்று மேடையில் சொல்கிறார்கள், கைதட்டுகிறோம். பேனர் கட்டியவரும், மேடையைத் துடைத்தவரும், கூட்டம் முடிந்து காலி டம்ளர்களைப் பொறுக்கியவரும் அன்று காலை அதே மெஷினில் விரலைத் தேய்த்துவிட்டு வந்தவர்கள். மனிதநேயத்துக்கு மதியம் மூன்று மணிக்கு அமர்வு இருந்தது, கேட்டில் இல்லை. அங்கீகாரத்துக்கு வருகிற குழுவிடம் காட்ட அந்தக் கருத்தரங்கின் புகைப்படம் போதும் என்பது எனக்கும் தெரியும். அறிக்கையில் ஒரு கட்டம் நிரம்பும். களப்பணிக்கு அந்த அறிக்கையில் கட்டம் இல்லை. விழாத விரலுக்கு வரி இல்லாத மாதிரியே.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். கோரிக்கை வைக்கத்தான் உட்கார்ந்தேன்.

களப்பணியைத் திருப்பிக் கொடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பாதுகாப்புதான் பிரச்சினையென்றால் வளாகத்துக்குள்ளேயே செய்யச் சொல்கிறேன். லிப்ட் இருக்கிறது, சிசிடிவி இருக்கிறது, உங்கள் சொந்தத் தேர்வு மென்பொருள் இருக்கிறது, பார்க்க வேண்டியதற்குப் பஞ்சமில்லை. முன் அனுமதி வேண்டுமென்றால் படிவத்தைக் கொடுங்கள், நிரப்புகிறோம். பேசுகிறவர்களின் பெயரையும் முகத்தையும் வெளியிடுவதில்லை என்பதை மாணவர்கள் ஏற்கெனவே கடைப்பிடிக்கிறார்கள். இந்த மடலிலும் அதனால்தான் அந்த அம்மாவுக்குப் பெயர் இல்லை. 3 கிரெடிட் அதிகமென்றால் 1 போதும். மதிப்பெண் போடுவது கடினம் என்றால் அந்தச் சுமையை நானே சுமக்கிறேன், இத்தனை ஆண்டும் நான்தான் போட்டேன். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் நான்கு மாணவர்களையும் அழைத்து வருகிறேன். அவர்களில் மூன்று பேருக்கு வேலை கிடைத்துவிட்டது, ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார்கள்.

அதற்கு முன் உங்களில் ஒருவராவது ஒரு நாள் காலை பின்பக்க கேட்டுக்கு வாருங்கள். நானும் வருகிறேன். பேச வேண்டியதில்லை, ஒரு நோட்டு மட்டும் கொண்டு வந்தால் போதும்.

இப்படிக்கு,
அந்தப் பாடத்தை 9 ஆண்டுகளாக எடுத்துவரும் ஒப்பந்த விரிவுரையாளர்

பி.கு.: உங்கள் 30 வினாக்களில் 17-ஆவது வினாவுக்கு விடைக்குறிப்பு தப்பாக இருக்கிறது. 1962-இல் 'பாரடைம்' மாற்றத்தை, அதாவது அறிவியலின் அடிப்படைச் சட்டகமே மாறுவதைப் பற்றி எழுதியவர் கார்ல் பாப்பர் இல்லை, தாமஸ் கூன். தேர்வு தொடங்கும் முன் திருத்திவிடவும். சரியான விடையைத் தட்டுகிற மாணவரை மென்பொருள் தப்பென்று சொல்லும். அவர் சரியாகச் சொன்னது எந்தக் கோப்பிலும் இருக்காது.