கரண்ட் வைத்தவர்களுக்கு இதை யாராவது சொல்லி அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தூத்துக்குடியில் தையல் வேலை செய்கிறவள். வயது 56. 2017-இல் எனக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்தது. 25 நாள் வெளியிலிருந்து கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள், அப்புறம் மூன்று தடவை உள்ளே வைத்தார்கள். நோய் போய்விட்டது. அந்த டாக்டர்களை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நான் எழுத வந்தது அதற்கு 5 வருஷம் கழித்து நடந்ததைப் பற்றி.

2022 ஆடி மாதம் ஒருநாள் காலையில் சிறுநீர் பீட்ரூட் தண்ணீர் மாதிரி போனது. வலி ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா, "சூடுதான், இளநீர் குடி" என்றார். குடித்தேன். ரெண்டு நாள் நின்று மறுபடி வந்தது. கிளினிக்கில் நீர்த்தொற்று என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை முடிந்ததும் திரும்பவும் அதே கதை. ஐந்து மாதத்தில் மூன்று இடத்தில் காட்டினோம். கரண்ட் வைத்ததை நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. எப்போதோ முடிந்துபோன சங்கதிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மார்கழியில் ஒரு ராத்திரி சிறுநீர் சுத்தமாக அடைத்துக்கொண்டது. ரத்தம் உள்ளேயே உறைந்து கட்டியாகி வழியை மறித்துவிட்டதாம். அடிவயிறு கல்லாக இறுகி, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிரசவ வலி அதற்குப் பக்கத்தில் வராது. ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு, உப்புத் தண்ணீரைப் பை பையாக உள்ளே விட்டுக் கழுவினார்கள். என் வீட்டுக்காரர் விடியும்வரை தரையில் உட்கார்ந்து கீழே தொங்கிய பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்போ ரோஸ் கலர் ஆயிட்டு" என்று அவர் சொன்னபோதுதான் நான் கண்ணை மூடினேன். ரெண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள்.

சென்னைக்குப் போய் உள்ளே கேமரா விட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. புற்றுநோய் திரும்பவில்லை. கரண்ட் வைத்தபோது பக்கத்திலிருந்த மூத்திரப்பையிலும் அது பட்டிருக்கிறது. அதனால் பையின் சுவரில் ஓடும் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் வருஷக்கணக்கில் மெல்ல மெல்லச் சுருங்கி அடைபட்டுப் போகுமாம். ரத்தம் போகாத சதைக்கு ஆக்சிஜன் கிடைக்காது, புண் ஆறாது. மேல்பரப்பில் வீங்கிக் கிடக்கும் நொய்ந்த குழாய்கள் லேசில் உடைந்து ரத்தம் வரும். சில மாதத்திலும் வரலாம், பத்து வருஷம் கழித்தும் வரலாம் என்றார் அந்த டாக்டர். அவர்தான் உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சையைச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் இருபது வருஷம் சங்கு குளித்தவர். ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்து கைகால் முடங்கியவர்களை வைக்கிற பெட்டி என்று அவர் அதைக் கேள்விப்பட்டிருந்தார். "மூத்திரப்பைக்கும் அதுவா?" என்று கேட்டார். அதேதான். கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு பெட்டி. உள்ளே படுக்க வைத்து மூடி, சாதாரணக் காற்றைப்போல 2.4 மடங்கு அழுத்தத்தில் சுத்தமான ஆக்சிஜன் விடுகிறார்கள். கடலில் 14 மீட்டர் ஆழத்தில் இருக்கிற அமுக்கம் அது. எங்கள் ஊர்க் கணக்கில் ஏழெட்டுப் பாகம் (ரெண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்). அந்த அழுத்தத்தில் ஆக்சிஜன் ரத்தத்தின் நீரிலேயே கரைந்து, குழாய் சுருங்கிய இடத்துக்கும் போய்ச் சேருகிறது. நாள் தவறாமல் செய்தால் அங்கே புது ரத்தக்குழாய் வளரும் என்றார்கள். ஒரு தடவைக்கு ஒன்றரை மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள், எனக்கு 30 தடவை.

உள்ளே போகும்முன் பருத்தி உடுப்புதான் போட வேண்டும். தலையில் எண்ணெய் கூடாது, பவுடர் கூடாது, போன் கூடாது. அத்தனை ஆக்சிஜனில் ஒரு பொறி போதும், அதனால் இதில் அவர்கள் துளியும் விட்டுக்கொடுப்பதில்லை. தாலிச் செயினையும் கழற்றச் சொன்னார்கள். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு போனேன். முதல் நாள் காது அடைத்து வலி தாங்க முடியவில்லை. அன்று ராத்திரி லாட்ஜ் அறையில் என் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து, மூக்கை இறுக்கிப் பிடித்துக் காதுக்குள் மெதுவாக ஊதுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். "வலி வரதுக்கு முன்னாடியே ஊதணும்" என்றார். மறுநாளிலிருந்து காது பிரச்சினை இல்லை.

இருபத்திரண்டாம் தடவைக்கு அப்புறம் சிறுநீர் தெளிந்தது. இரண்டு வருஷத்துக்கு மேலாக ரத்தம் வரவில்லை. முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், இப்போதும் ராத்திரி ரெண்டு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. சிகிச்சையின்போது தூரப் பார்வை மங்கி, பஸ் போர்டு தெரியாமல் போனது. ஆனால் கண்ணாடி போடாமலே ஊசியில் நூல் கோத்தேன்! சில வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. அவசரப்பட்டுக் கண்ணாடி மாற்ற வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

என் மகள் நர்ஸ். ஸ்வீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து நாடுகளில் ஐந்து மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வு 2019-இல் லான்செட் ஆன்காலஜி இதழில் வந்ததை அவள் எடுத்துக் காட்டினாள். என்னைப் போன்ற 79 பேரில், பெட்டிக்குள் போனவர்களுக்கு மற்றவர்களைவிட நன்றாகவே குணம் தெரிந்திருக்கிறது. போன 41 பேரில் 17 பேருக்குக் காதிலோ கண்ணிலோ தொந்தரவு வந்து, பிறகு சரியாகியிருக்கிறது. எல்லோருக்கும் இது ஒத்துவராது. நுரையீரலையும் காதையும் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். இளமை திரும்பும் என்று விளம்பரம் செய்து, காற்றடைத்த பை மாதிரி ஒன்றில் படுக்க வைக்கிறார்களே, அதில் இந்த அழுத்தம் கிடையாது. அங்கே போய்ப் பணத்தை விட்டுவிடாதீர்கள்.

என் ரெண்டு வளையலும் அடகுக்குப் போயின. ஆறு வாரம் லாட்ஜ் வாடகை தனி. அதுகூடப் பரவாயில்லை. அந்த ஐந்து மாதமும் அந்த மார்கழி ராத்திரியும்தான் மனசை அறுக்கிறது. கரண்ட் முடிந்து வீட்டுக்கு அனுப்பியபோது தந்த தாளில் எல்லாமே ஆங்கிலத்தில் இருந்தது. அதன் அடியில் தமிழில் ரெண்டு வரி போதும்: "பல வருஷம் கழித்தும் சிறுநீரில் ரத்தம் வரலாம். வந்தால், கரண்ட் வைத்ததைச் சொல்லி உடனே காட்டுங்கள்." ரப்பர் ஸ்டாம்பாகச் செய்துவைத்தால் அடிக்க ஒரு நிமிஷம் ஆகாது.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் விவரம் தெரிந்த டாக்டர் ஒருவரை இதைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். மூத்திரத்தில் ரத்தம் என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுகிற பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். வீட்டில் பேப்பர் படிக்கிறவர்கள் அவர்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
தையல்கார வாசகி,
தூத்துக்குடி
(பெயர் போட வேண்டாம்)