வலியில்லை என்று இருந்துவிடாதே

புதுப்பாளையம், கடலூர்.

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இரண்டாவது இடுப்பு அறுவைச் சிகிச்சையின் தையல் பிரித்தாகிவிட்டது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வேம்பு வரைக்கும் போய்த் திரும்புகிறேன். சாப்பாடு, தூக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய் என்பதால்தான் கடிதம்.

மாற்றி வைத்த உன் இடுப்பு மூட்டுக்கு இந்த வருட எக்ஸ்ரே இன்னும் எடுக்கவில்லை என்று மீனா சொன்னாள். "வலியே இல்லை, எதற்கு?" என்றாயாம். இதே வார்த்தையை இருபது வருடம் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

1998இல் பாண்டிச்சேரியில் எனக்கு இடுப்பு மூட்டு மாற்றியபோது நீ பத்தாம் வகுப்பு. முதல் இரண்டு மூன்று வருடம் சொன்ன தேதிக்குப் போனேன். பிறகு விட்டுவிட்டேன். பள்ளிக்கு நடந்து போனேன், உன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் நடந்தேன். ஒரு குத்தல்கூட இல்லை. அந்த நாட்களில்தான் உள்ளே, செயற்கை மூட்டின் உலோகப் பந்து உருளும் பிளாஸ்டிக் கிண்ணம் தேய்ந்துகொண்டிருந்தது. வலி என்று ஒன்று வந்தபோது கிண்ணம் ஆட்டம் கண்டுவிட்டது. எக்ஸ்ரேயில் கிண்ணத்தின் நடுவில் நிற்க வேண்டிய உலோகப் பந்து மேலே ஏறி நின்றது. சுற்றியிருந்த எலும்பு, கரையான் அரித்த உத்தரம் போல் கூடாகியிருந்தது.

கழற்றிய கிண்ணத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். மருத்துவர் கழுவிக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். பெரிய எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டிக் குடைந்தது போல் இருந்தது. கிண்ணத்தின் முதுகில், அதை எலும்போடு பிடித்து வைத்திருந்த சிமென்ட் ஒட்டியிருந்தது. உட்புறம் ஒரு பாதி மங்கலாக, கடைந்தெடுத்த கோடுகள் இன்னும் அழியாமல். மறுபாதி கண்ணாடி போலப் பளபளத்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு வரம்பு. நகத்தை ஓட்டினால் தட்டியது. என் நடை முழுவதும் அந்தப் பளபளப்பில் இருந்தது, செந்தில். வருடத்துக்கு 0.1 மில்லிமீட்டர் அளவில்தான் பழைய கிண்ணங்கள் தேயும். கேட்டால் அற்பம். ஆனால் தேய்ந்தது எங்கே போகும்? உடம்புக்குள்தானே கிடக்கும்.

வெறும் பாலிதீன்தான் அது. வகுப்பில் எத்தனை முறை நடத்தியிருப்பேன்! பையில் இருப்பதைவிட மிக நீளமான சங்கிலி, மூலக்கூறு எடை பத்து லட்சத்தைத் தாண்டும், அவ்வளவுதான் வேறுபாடு. அதிலிருந்து உதிரும் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. நம் வெள்ளணுக்கள் அவற்றைக் கிருமி என்று நினைத்து விழுங்குகின்றன. செரிக்க முடிவதில்லை. முடியாத கோபத்தில் அவை சுரக்கும் பொருள்கள், எலும்பைக் கரைக்கும் செல்களை உசுப்பிவிடுகின்றன. பிளாஸ்டிக் எலும்பைத் தின்னவில்லை. நம் உடம்பே தின்கிறது. இதைக் கேட்டபோது எனக்கு அடிவயிறு கலங்கியது.

கிண்ணத்தின் விளிம்பு மஞ்சளித்து ஓரிடத்தில் வெடித்திருந்தது. மாடியில் அப்பா உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி வெயிலில் வெளுத்து, ஒருநாள் பட்டென்று கால் முறிந்ததே, நினைவிருக்கிறதா? ஏறக்குறைய அதே வேதியியல். 1990களின் நடுப்பகுதி வரை இந்தக் கிண்ணங்களைக் காற்றோடு சேர்த்து அடைத்துக் காமா கதிரால்தான் பெரும்பாலும் கிருமி நீக்கம் செய்தார்கள். கதிர் சங்கிலிகளை அறுக்கும். அறுந்த முனைகளை ஆக்சிஜன் பிடித்துக்கொள்ளும். பெட்டியில் இருக்கும்போதே தொடங்கி, உடம்புக்குள் போன பிறகும் அது மெல்ல மெல்ல நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். என்னுடையது அந்த வகையாக இருக்கலாம் என்றார் மருத்துவர்.

இந்தச் சிகிச்சையை நிலைநிறுத்திய ஆங்கிலேய மருத்துவர் ஜான் சார்ன்லி முதலில், ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அந்த டெஃப்லானில் கிண்ணம் செய்தார். சில வருடங்களிலேயே தேய்ந்து, கட்டிகள் உண்டாகி, நோயாளிகள் திரும்பி வந்தார்கள். 1962இல் அவர் பாலிதீனுக்கு மாறினார். டெஃப்லான் தூள் உடம்பை என்ன செய்கிறது என்று அறிய, அதைத் தன் தொடையிலேயே செலுத்தியும் பார்த்தார். அந்த மனிதரை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

உன்னுடையது புது வகை. டிஸ்சார்ஜ் தாளைப் படித்துப் பார்த்தேன்: சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து, வைட்டமின் ஈ கலந்த பிளாஸ்டிக், பந்து பீங்கான். என்னுடையதைவிடப் பல மடங்கு மெதுவாகத் தேயும். அதில் எனக்கு நிம்மதிதான். ஆனால் மெதுவாகத் தேயுமே தவிர, தேயாமல் இருக்காது. எனக்கு மாற்றும்போது வயது நாற்பத்து நான்கு, உனக்கு முப்பத்தெட்டு. அது சுமக்க வேண்டிய வருடங்கள் உனக்குத்தான் அதிகம். சிங்கப்பூரில் நாளெல்லாம் நின்று வேலை பார்க்கிறாய், படி ஏறுகிறாய். அதை விடச் சொல்லவில்லை. நட, நன்றாக நட. மருத்துவர் குறித்துக் கொடுத்த மாதத்தில் எக்ஸ்ரேயை மட்டும் எடுத்துவிடு. தேய்மானத்தை முன்னாலேயே கண்டால், உன்னுடையது போன்ற கிண்ணத்தில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பகுதியை மட்டும் மாற்றிவிட முடியுமாம். எனக்கு எலும்பு வைத்து நிரப்ப வேண்டியதாகிவிட்டது.

இன்னொன்று. தானே புயலில் பரண் ஒழுகியதில் என் முதல் எக்ஸ்ரே படம் நனைந்து ஒட்டிப்போனது. "பழைய படம் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாமே" என்று மருத்துவர் கேட்டபோது என் கையில் எதுவும் இல்லை. அறுவைச் சிகிச்சை முடிந்ததும் உனக்கு எடுத்த படம் இங்கே என் அலமாரியில், புடவைகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது புதுப் படத்தைக் கொண்டுவா.

அன்புடன்,
அம்மா