பிராக் பேராலயம்: எது பழையது, எது புதியது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிராக் நகரின் புனித விட்டஸ் பேராலயம் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், மேற்கு முகப்பின் இரட்டைக் கோபுரங்களைப் படம் போட்டு, '14-ஆம் நூற்றாண்டு கோதிக்' (கூர்வளைவுகள் கொண்ட இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணி) என்று எழுதியிருக்கிறீர்கள். அவை 19-ஆம் நூற்றாண்டுக் கோபுரங்கள். அடிக்கல் நாட்டியது 1344-இல் என்பது சரியே. 15-ஆம் நூற்றாண்டின் ஹூசைட் மதப்போர்களால் நின்றுபோன வேலை 1929-இல்தான் முடிந்தது. 14-ஆம் நூற்றாண்டு மன்னர் நான்காம் சார்லஸ் காலத்துக் கட்டடத்தைப் பார்க்க, உள்ளே நுழைந்து கிழக்குக் கோடிவரை நடக்க வேண்டும்.

அங்கே போய் அண்ணாந்து பார்த்தால் பேராலயத்தின் இரண்டாவது தலைமைக் கட்டடக் கலைஞர் பீட்டர் பார்லரின் கைவண்ணம் தெரியும். முதல் தலைமைக் கட்டடக் கலைஞர் மத்தியாஸ் 1352-இல் இறந்தபின், 1356-இல் பொறுப்பேற்றபோது பார்லருக்கு வயது 23. அதுவரை வளைகூரையை எதிரெதிரே நிற்கும் ஒவ்வொரு தூண் சோடிக்கும் நடுவே குறுக்கு வளைவு போட்டு அறை அறையாகப் பிரிப்பதுதான் வழக்கம். பார்லர் அந்தக் குறுக்கு வளைவை எடுத்துவிட்டு, கூரையின் அடியில் ஓடும் கல் விலாக்களை இரண்டிரண்டாக இணைகோடுகளாகச் சாய்த்து, வலைபோல் பின்னினார். பார்வை எங்கும் முட்டாமல் கடைசிவரை ஓடுகிறது. மேல்மாடத்தில் அரச குடும்பத்தினர், ஆயர்களுடன் தன் தலையையும் செதுக்கி வைத்திருக்கிறார். கீழே நிற்பவர் கண்ணுக்கு அது எட்டாது!

வெளியே சுவருக்கு முட்டுக் கொடுத்து நிற்கும் கல் உதைவளைவுகளைக் கட்டுரை 'அலங்காரம்' என்கிறது. அவை இல்லாவிட்டால் கூரை நிற்காது. வளைகூரை சுவரை வெளிப்பக்கம் தள்ளும். சுவரிலோ பாதிக்குமேல் கண்ணாடி. அந்தத் தள்ளலை உதைவளைவு வாங்கி வெளித்தூணில் இறக்குகிறது. தூணின் உச்சியில் உள்ள கூர்ச்சிகரம் பாரம் வைப்பதற்காக. அந்த எடை, சாய்ந்து வரும் விசையைக் கீழ்நோக்கித் திருப்பிவிடும்.

கட்டுரை விட்டுவிட்டது தெற்குப் பொன்வாயில். அதன்மேல் 1370-71-இல் பதித்த இறுதித் தீர்ப்பு (உலக முடிவில் கிறிஸ்து தீர்ப்பளிக்கும் காட்சி) மொசைக் ஓவியம், சுமார் 84 சதுர மீட்டர், ஏறத்தாழ பத்து லட்சம் கண்ணாடித் துண்டுகள். கண்ணாடியில் மரச்சாம்பலின் பொட்டாசியம் அதிகம். ஈரம் பட்டால் பொட்டாசியமும் கால்சியமும் கசிந்து வெளியே வரும். காற்றிலுள்ள கந்தகப் புகையோடு சேர்ந்து உப்பாகி, சாம்பல் திரைபோல் படரும். துடைத்தாலும் திரும்ப வந்தது. 1990-களில்தான் நுண்ணிய கண்ணாடி மணிகளை வீசிப் படலத்தை நீக்கி, அடுக்கடுக்காகக் காப்புப் பூச்சு கொடுத்தார்கள். வெளிப்பூச்சு தேயத் தேயப் புதுப்பித்தாக வேண்டும். விட்டால் திரை மீண்டும் படரும்.

படத்தின் கீழுள்ள வரியைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். அப்போது தெற்கு வாயில் படத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்