ஈலியில் ஒரு கல்திண்ணை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. உன் இளைய மகளுக்குக் கேம்பிரிட்ஜில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்த செய்தியை இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். மனைவி தன் பங்குக்கு ஒரு குளிர்கோட்டை எடுத்து வைத்துவிட்டாள். இங்கே எல்லோரும் சுகம். என் இடது முழங்காலில் சத்திரசிகிச்சை முடிந்து நான்கு மாதமாகிறது, படியேறும்போது மட்டும் அது தன்னை நினைவூட்டுகிறது. மகன் வேலை மாறிவிட்டான். மற்றபடி சொல்லும்படியாக ஒன்றுமில்லை.

கடிதத்தின் கடைசியில் நீ கேட்டிருந்த கேள்விதான் என்னை ஒரு வாரமாக மேசையடியில் இருத்தி வைத்திருக்கிறது. விடுதிப் பள்ளியில் இருந்த இரண்டு வருடமும் உனக்கு எழுதிய ஏரோகிராம்களில் மழையையும் அவித்த உருளைக்கிழங்கையும் தவிர வேறொன்றுமே இல்லை என்றும், தனிமை பொறுக்க முடியாத நாட்களில் எங்கே போய் இருந்தாய் என்றும், அப்படி ஓரிடம் உண்டென்றால் மகளுக்குச் சொல்லலாமே என்றும் கேட்டிருந்தாய். உண்டு. அன்று அதைப் பற்றி உனக்கு எழுதாமல் விட்டதற்கும் காரணம் உண்டு.

1984 செப்டம்பரில் மாமா என்னைக் கேம்பிரிட்ஜ் விடுதியில் கொண்டுவந்து விட்டபோது எனக்குப் பதினாறு வயது. அங்கே யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை, நல்ல பிள்ளைகள்தாம். ஆனால் காலை மணியிலிருந்து இரவு விளக்கணைக்கும் வரை கண்ணெதிரே ஒரு மனிதர் இல்லாத நேரமே கிடையாது. ஒற்றைப்பிள்ளையாக வளர்ந்தவன் என்பதால் எனக்கு அதுவே பெரிய களைப்பாக இருந்தது. எல்லோரும் புகழும் ஆற்றங்கரைப் புல்வெளியில் எப்போதும் சனம். ஒரு சனிக்கிழமை பிற்பகல், போகும் ஊர் எதுவென்று யோசிக்காமலே, வடக்கே போகும் டீசல் புகையிரதத்தில் ஏறினேன். கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ ஓடி ஈலி என்ற ஊரில் நின்றது. இறங்கினேன்.

அந்தப் பயணத்தைப் பற்றியே ஒரு கடிதம் எழுதலாம். வழியெல்லாம் மட்டமான நிலம், கன்னங்கரிய மண், நம் ஊரைப்போல முழு வானம், ஆனால் ஒரு பனைகூட இல்லை. முன்னொரு காலத்தில் அது முழுவதும் சதுப்பு. பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்திலிருந்து வந்த வெர்மய்டன் என்ற பொறியியலாளரைக் கொண்டு கால்வாய் வெட்டி நீரை வடித்தார்கள். நீர் வடிந்ததும் அந்தக் கரி மண் காய்ந்து சுருங்கித் தாழ்ந்துகொண்டே போனதால், இன்று சில இடங்களில் வயல் கீழேயும் ஆறு கரைகட்டி மேலேயும் ஓடுகின்றன. அதற்கு முன் ஈலி ஒரு தீவு, விலாங்கு மீனால் பெயர் பெற்ற தீவு. உன்னைத் 'தீவான்' என்று வகுப்பில் கேலி செய்தவன் கடைசியில் ஒரு தீவில் போய்த்தான் ஒதுங்கினேன் என்பதை நீ சிரித்துக்கொண்டே வாசிப்பாய் என்று தெரியும்.

அந்த மேட்டின் மேல் ஒரு பேராலயம் இருக்கிறது. பல கல் தொலைவிலிருந்தே தெரியும், கடலில் நிற்கும் கப்பலைப்போல. 1322இல் அதன் நடுக்கோபுரம் இடிந்து விழுந்த இடத்தில் எண்கோண வடிவில் மரத்தாலும் கல்லாலும் எழுப்பிய விளக்குமாடத்தைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள், உன் மகளும் பார்க்கட்டும். நான் போய் இருந்த இடம் அதுவல்ல. வடக்குப் பக்கத்தில், பெரிய ஆலயத்தோடு முழுதும் ஒட்டாமல், மாதாவுக்கென்று கட்டிய ஒரு சிற்றாலயம் தனியே நிற்கிறது. நூறு அடி நீளம், நாற்பத்தாறு அடி அகலம், நடுவில் ஒரு தூண்கூட இல்லாத ஒரே மண்டபம். கோபுரம் விழுவதற்கு முந்திய வருடம் கட்டத் தொடங்கி 1349இல் முடித்தார்கள். நான்கு சுவரிலும் பெரிய சன்னல்கள். அவற்றின் பழைய வண்ணக் கண்ணாடிகள் போய்ப் பெரும்பாலும் வெறும் கண்ணாடியே இருப்பதால், மாரிகாலத்து மங்கல் நாளிலும் உள்ளே பால் ஊற்றியதுபோல வெளிச்சம் நிறைந்திருக்கும். சுவரைச் சுற்றிலும் கல்திண்ணை, திண்ணைக்கு மேல் வரிசையாக மாடங்கள். ஒவ்வொரு மாடத்தின் வளைவும் நேரே மேலெழாமல், உள்ளே இருப்பவரிடம் ஏதோ கேட்பதுபோல முன்பக்கம் தலைசாய்ந்து குனியும். அந்த மாடங்களில் ஒன்றுதான் என் இடம்.

முதல் நாள் வெளிச்சத்தைத்தான் பார்த்தேன். இரண்டாம் முறை போனபோதுதான் சிற்பங்களைக் கவனித்தேன். மாடங்களின் இடுக்குகளில், ஒரு சாண் இடமும் விடாமல், மாதாவின் வாழ்வையும் அற்புதங்களையும் சொல்லும் சின்னஞ்சிறு உருவங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுக்குத் தலை இல்லை. 1541இல், உருவ வழிபாட்டை ஒழிக்கச் சொல்லி அந்த ஊர் ஆயரே ஆணையிட்டபோது, தட்டி எடுத்துவிட்டார்கள். சுண்ணாம்பைப்போன்ற மென்மையான கல் அது. துணியின் மடிப்பையும் இலையின் நரம்பையும் செதுக்க இடங்கொடுத்த அதே மென்மை சுத்தியலுக்கும் இடங்கொடுத்தது. உற்றுப் பார்த்தால் மடிப்புகளின் ஆழத்தில் பழைய சிவப்பும் பச்சையும் துளித்துளியாக ஒட்டியிருப்பது தெரியும். பின்னர் அந்த மண்டபம் நீண்ட காலம் ஊர்க்கோயிலாகவும் இருந்திருக்கிறது, 1938 வரை. அத்தனை தலைமுறையும் அந்தத் தலையில்லாத உருவங்களுக்கு நடுவேதான் மண்டியிட்டிருக்கின்றன. யாரும் புதுத்தலை வைக்கவில்லை.

இதை உனக்கு அன்று எப்படி எழுதுவேன்? யாழ்ப்பாண நூலகத்தை எரித்த 1981 மே 31 இரவுக்குச் சில நாள் கழித்து, நீயும் நானும் அதன் வேலியோரம் பேசாமல் நின்றோமே, காற்றில் வந்த கருகிய தாளொன்றை நீ எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தாயே, அது நடந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். நமக்கு அந்த எண் புரியவில்லை, சிறுவர் பகுதி போய்விட்டது என்பது மட்டும் புரிந்தது. உடைத்த ஓரிடத்தில் போயிருந்தால்தான் எனக்கு ஆறுதலாக இருக்கிறது என்று, எரித்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டிருந்த உனக்கு எழுத என் கை கூசியது. ஆகவே உருளைக்கிழங்கைப் பற்றி எழுதினேன்.

அங்கே இருந்து நான் செய்த வேலையைச் சொன்னால் பைத்தியக்காரத்தனம் என்பாய். பள்ளி நூலகத்துப் பெரியவர் ஒருவர், எம். ஆர். ஜேம்ஸ் என்ற அறிஞர் அந்தத் தலையில்லாத சிற்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, கையின் நீட்டலையும் முழங்காலின் மடிப்பையும் பக்கத்தில் நிற்கும் பொருளையும் கொண்டே இது இன்ன கதை, இது இன்ன அற்புதம் என்று 1890களில் கண்டறிந்து எழுதிவிட்டார் என்று எனக்குச் சொன்னார். அதைக் கேட்ட பிறகு நானும் ஒன்று தொடங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு நம் சிறுவர் பகுதிக்குள் போய், கதவிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு தட்டாக, எந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில் எந்தப் புத்தகம், எதற்கு அட்டை கிழிந்திருந்தது, எதில் நீ பென்சிலால் மீசை வரைந்தாய் என்று அடுக்கிக்கொண்டே போவேன். ஒரு சனிக்கிழமைக்கு ஒரு தட்டு. மறந்த இடத்தை இடைவெளியாகவே விடுவேன், கற்பனையால் நிரப்பக் கூடாது என்பது நானே எனக்கு விதித்த சட்டம்.

அமைதி என்கிறோமே, அந்த மண்டபம் உண்மையில் ஒலிக்குப் பெயர்போனது. ஒரு பென்சில் விழுந்தாலும் அதன் ஓசை அடங்க என் கைக்கடிகாரத்தில் ஏழு வினாடி வரை எண்ணியிருக்கிறேன். அதனால் உள்ளே வருகிறவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திவிடுவார்கள். ஒருநாள் யாருமில்லாத வேளையில், வாரம் முழுவதும் ஒரு தமிழ்ச் சொல்லும் பேசாத வாயால், 'புத்தகம் திருப்பித் தர வந்தேன், ஐயா' என்று சற்று உரக்கச் சொல்லிப் பார்த்தேன். மெய்யெழுத்துகள் எல்லாம் கரைந்து, உயிரெழுத்துகள் மட்டும் ஒன்றோடொன்று கலந்து கூரைவரை போய் நின்றன. கடைசி 'ஆ' மறையும்முன் காவல்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். நான் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினேன்.

பிறகு ஒருமுறை மனைவியுடன் போனபோது, பீடத்துக்கு மேலே கைகளை உயர்த்தி நிற்கும் புதிய மாதா சிலை ஒன்றை, பளீரென்ற நீல ஆடையுடன் வைத்திருந்தார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. மனைவி, கோயில் என்றால் ஒரு சாமியாவது முழுசாக இருக்க வேண்டாமா என்றாள். நம் நூலகத்துக்கு மீண்டும் வெள்ளையடித்து எழுப்பியபோது, எரிந்த சுவரை அப்படியே விட்டிருக்க வேண்டும் என்று நான் லண்டனிலிருந்து தொலைபேசியில் வாதாடியதும், 'நீ வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவாய், எங்கள் பிள்ளைகள் எங்கே இருந்து வாசிப்பது?' என்று நீ கேட்டதும் அப்போது நினைவுக்கு வந்தன. அன்று உனக்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினேன். நீ சொன்னதுதான் சரி. ஆனாலும் ஈலியில் அந்த நீலத்தை இன்றுவரை நான் நேராகப் பார்ப்பதில்லை.

மகளிடம் சொல்: கேம்பிரிட்ஜிலிருந்து கிங்ஸ் லின் போகும் புகையிரதத்தில் ஏறினால் போதும், தொலைவு இருபத்துநான்கு கிலோமீற்றருக்குள்தான். நிலையத்திலிருந்து மேட்டில் நடக்க வேண்டும். கோடை விடுமுறையில் போகவேண்டாம், கார்த்திகை மார்கழியில் ஒரு வார நாளில் போகட்டும். கல்திண்ணை எலும்பு வரை குளிரும், தடித்த சால்வை ஒன்றை மடித்துப் போட்டு அதன்மேல் இருக்கச் சொல். முதல் முறை நான் கூடவே வருகிறேன், முழங்கால் அவ்வளவுக்கு ஒத்துழைக்கும்.

இனி எனக்கு ஓர் உதவி. நான்காவது தட்டில், கிழிந்த விலங்குப் படப் புத்தகத்துக்கும் நீ மீசை வரைந்த அரசர் கதைக்கும் நடுவே ஒன்று இருந்தது. தடித்தது, பச்சை அட்டை, முதுகில் எழுத்து அழிந்துபோயிருக்கும். இரண்டு வருடம் முயன்றும் அதன் பெயர் எனக்கு வரவில்லை, இடைவெளியாகவே விட்டிருக்கிறேன். நீதான் அதை இரண்டு முறை இரவல் எடுத்தவன். நினைவிருந்தால் அடுத்த கடிதத்தில் எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்