கையெழுத்துப் போட்ட ஐயாவுக்கும் கண்டக்டர் அண்ணனுக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

போன வாரம் நூலக அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மதுரையில் கல்லூரியும் விடுதியும் கிடைத்துவிட்டன. இனிப் பாம்பன் பாலத்தைப் பார்ப்பது விடுமுறைக்கு வரும்போதுதான். நூலகர் அக்கா பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "நீ படித்த புத்தகத்தைவிடக் கட்டிய தாமதக் கட்டணம்தான் அதிகம்" என்று சிரித்தார். படிப்பதற்கு எனக்குக் கை கொடுத்த யாரிடமும் இதுவரை ஒழுங்காக நன்றி சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நேரில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதனால் இந்த மடல்.

முதலில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்கு. நூலக அட்டைக்கு ஒரு பெரியவரின் கையெழுத்து வேண்டியிருந்தது. உங்கள் வாசலில் வந்து நின்றபோது, "யார் வீட்டுப் பிள்ளை நீ?" என்று கேட்டீர்கள். எங்கள் பக்கம் அந்தக் கேள்வி சும்மா கேட்கப்படுவதில்லை. பதிலைக் கேட்டுவிட்டுத்தான் திண்ணையா, வாசலா என்று முடிவாகும். நான் விழித்துக்கொண்டு நின்றேன். "புத்தகம் திரும்பி வராவிட்டால் எந்த வீட்டில் வந்து கேட்பது என்று தெரிய வேண்டாமா?" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். ஐயா, எல்லாப் புத்தகமும் திரும்பி வந்துவிட்டது. ஒன்றைத் தவிர. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நூலகர் அக்கா, நீங்கள் எனக்கு எந்தப் புத்தகத்தையும் பரிந்துரை செய்ததில்லை. அதற்கே தனியாக ஒரு நன்றி. பாமாவின் 'கருக்கு' என் கைக்கு வந்தது அதன் பெயரால். கருக்கு என்றால் பனைமட்டையின் இரண்டு ஓரத்திலும் இருக்கும் பல். எங்கள் வேலி முழுக்கப் பனைமட்டைதான். அது கிழித்த தழும்பு என் முழங்கையில் இன்னும் இருக்கிறது. பனைமரத்தைப் பற்றிய புத்தகம் என்று நினைத்துத்தான் எடுத்தேன். ஆனால் அது தலித் பெண்ணான பாமா தன் வாழ்க்கையை எழுதிய புத்தகம். 1992இல் வந்தது, நான் பிறப்பதற்கு வெகு முன்னால்.

அதில் ஓர் இடம். பள்ளி விட்டு வேடிக்கை பார்த்தபடி வீட்டுக்கு வரும் சிறுமி, தன் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தை அதன் கயிற்றை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறாள். அப்படியே கொண்டுபோய் நாயக்கர் முன்னால் குனிந்து நீட்டுகிறார். இவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் அண்ணனிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. பொட்டலத்தைத் தொட்டால் தீட்டு, அதனால்தான் அப்படித் தூக்கிப் போனார் என்று விளக்குகிறான்.

இந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். இரண்டு நாள் திறக்கவில்லை. நூலகத்தில் கேட்டவர்களிடம் "மனசு கஷ்டமாக இருந்தது" என்று சொன்னேன். அது பாதி உண்மைதான். மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

என் அம்மா கடலில் பாசி எடுக்கிறவர். அம்மாச்சியும் அதே வேலைதான் செய்தார். சேலைக்கு மேலே அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, விரல்களில் சுற்றிய துணி, காலில் கட்டத் தகரத் தட்டு, கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பாறையைப் பற்றிக்கொண்டு வளர்கிறவை. மூச்சை அடக்கி மூழ்கி, கையால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். நான் ஏழாம் வகுப்பு படித்தபோது ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் அம்மா அந்தச் சட்டையோடு, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றுகொண்டிருந்தார். ஜன்னல் ஓரத்தில் இருந்த என் வகுப்புப் பிள்ளைகள், "அந்தப் பொம்பளையின் வேஷத்தைப் பார்" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "யாரோ" என்றேன். அம்மா பஸ்ஸில் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில் வந்தார்.

'கருக்கு' சிறுமி தெரியாமல் சிரித்தாள். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அம்மா, நான் இதைப் பற்றிப் பேசியதும் இல்லை, நீ கேட்டதும் இல்லை. புத்தகத்தை மூடிவைத்த இரண்டாம் நாள் ராத்திரி நீயாகத்தான் கேட்டாய், "ஏன் அது அப்படியே கிடக்கிறது?" என்று. அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "மேலே படி" என்றாய். நன்றி என்ற சொல் இதற்குப் போதாது, ஆனாலும் வேறு சொல் என்னிடம் இல்லை.

அதற்குப் பிறகுதான் வலைக் கொட்டகையில் வாசிக்க ஆரம்பித்தேன். எங்கள் பெண்கள் மாதம் முழுக்கக் கடலுக்குப் போவதில்லை; அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ஒரு பன்னிரண்டு நாள்தான். மீதி நாட்களில் கொட்டகையில் ஆள் இருக்கும். அம்பேத்கர் தன் சிறுவயது நினைவுகளை எழுதிய சின்ன நூல் ஒன்றை அங்கே வாசித்தேன். 1901 வாக்கில், ஒன்பது வயதுப் பையனாக, வீட்டின் மற்றப் பிள்ளைகளோடு அப்பாவைப் பார்க்க ரயிலில் போகிறார். மசூர் நிலையத்தில் இறங்கினால் அழைத்துப்போக ஆள் இல்லை. பிள்ளைகள் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மகர் சாதி என்று தெரிந்ததும் எந்த மாட்டுவண்டிக்காரனும் வர மறுக்கிறான். கடைசியில் இரட்டைக் கூலி, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரன் கூடவே நடந்து வருவான் என்று பேசி முடிக்கிறார்கள்.

நான் கண் கலங்கி நிறுத்தினேன். மூத்த அத்தை ஒருவர் கேட்டார்: "ஓட்டியது பிள்ளைகள். நடந்தது அவன். அப்புறம் இரட்டைக் கூலி எதற்கு?" கொட்டகையே சிரித்தது. எனக்கு முதலில் கோபம் வந்தது. இவ்வளவு பெரிய துயரத்துக்கு இப்படியா சிரிப்பது! அப்புறம்தான் புரிந்தது, கணக்கைச் சரியாகப் பிடித்தவர் அத்தைதான். எடைக்கல்லோடும் வியாபாரியோடும் வாழ்நாள் முழுக்க மல்லுக்கு நின்றவருக்கு அது முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. 1986இல் இங்கே இருபத்தொரு தீவுகளையும் தேசியப் பூங்காவாக்கினார்கள். அதுவரை அம்மாச்சி நீந்திப் போய்வந்த கரைகள் அன்றிலிருந்து போகக் கூடாத இடங்கள். அநியாயம் என்ற சொல்லுக்கு இவர்களுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. உங்கள் எல்லோருக்கும் நன்றி, குறிப்பாகக் குறுக்கே பேசியவர்களுக்கு.

(எங்களைக் கடல்கன்னிகள் என்று எழுதும் கட்டுரைகளும் நிறையப் படித்தேன். ஒரு கிலோ பாசி என்ன விலைக்குப் போகிறது என்று அவற்றில் தேடிப் பார்த்தேன். இல்லை.)

இனி, கண்டக்டர் அண்ணன். நாஜிகளுக்குப் பயந்து நெதர்லாந்தில் குடும்பத்தோடு ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பை உங்கள் பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். மூன்றாம் நாள் டிக்கெட் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தீர்கள், நடுவில் ஒரு டிக்கெட்டை அடையாளம் வைத்து. "கடைசியில் தப்பித்துவிட்டார்களா, தங்கச்சி?" என்று கேட்டீர்கள். நானும் அப்போது பாதிதான் வந்திருந்தேன். இன்னும் தெரியாமல் இருந்தால் சொல்கிறேன்: இல்லை, அண்ணே. 1944 ஆகஸ்ட் 4ஆம் தேதி பிடித்துவிட்டார்கள். ஒளிந்திருந்த எட்டுப் பேரில் திரும்பி வந்தவர் அவளுடைய அப்பா மட்டும்.

அந்தப் புத்தகத்தை எனக்குச் சரியாகப் படித்துக் கொடுத்தவள் மண்டபம் முகாமில் இருக்கும் என் தோழி. நான் அழுத இடங்களில் அவள் அழவில்லை. பகலில் கழிப்பறையில் தண்ணீர் ஊற்ற முடியாத இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தாள். ஆனின் குடும்பம் ஜெர்மனியில் பிறந்து வளர்ந்த குடும்பம் என்றும், வெளிநாட்டில் இருந்த யூதர்களின் குடியுரிமையை 1941இல் ஜெர்மனி பறித்துவிட்டது என்றும் நான் சொன்னபோது, "அப்போ அவளும் எந்த நாட்டுக்காரியும் இல்லை" என்றாள், வெகு சாதாரணமாக. இவள் இங்கேதான் பிறந்தாள். இவள் அம்மா இலங்கையிலிருந்து படகில் வந்தவர். 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். பெயர் நன்றாக இருக்கிறது என்பாள், குடியுரிமை மட்டும் இன்னும் வரவில்லை என்பாள். ஆனோடு இவளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதப் போகிறேன் என்று ஒரு நாள் சொன்னேன். "என்னை வைத்து எழுதாதே. வேண்டுமானால் நானே எழுதுகிறேன்" என்றாள். அந்த அதட்டலுக்கும் நன்றி, தோழி. உன்னைப் பற்றி இந்த ஒரு பத்தி மட்டும் எழுத நீ சம்மதித்ததற்கும்.

ஐயா, திரும்பி வராத புத்தகம் அவளிடம்தான் இருக்கிறது. எந்தப் புத்தகம் என்று சொல்ல மாட்டேன், நூலகர் அக்கா அபராதம் போட்டுவிடுவார். என் அட்டையை ஒப்படைத்துவிட்டதால் இனி அவளுக்குப் புத்தகம் எடுத்துத் தர ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் வாசலுக்கு அவள் வருவாள். யார் வீட்டுப் பிள்ளை என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, எனக்குப் போட்டது போலவே அவளுக்கும் ஒரு கையெழுத்துப் போடுங்கள்.

அன்புடன்,
பாம்பனிலிருந்து, பாசி எடுக்கிறவரின் மகள்