ஞாயிறு சுழியோடல்: புதியவர்களும் வருகிறார்கள்

வணக்கம் நண்பர்களே. ஜனவரி 18, ஞாயிறு காலை 6.30க்குக் கல்கிசைக் கடற்கரையில் சந்திப்போம். நம் குழுவில் ஸ்கூபா பழகும் நான்கு பேர் தடாகப் பயிற்சியை முடித்து, முதல் தடவையாகக் கடலில் இறங்குகிறார்கள். பழையவர்களிடம் கேட்பது இவைதான்:

1. ஆழம், நேரம், திரும்புவது எல்லாம் பயிற்றுநரின் முடிவு. நாம் இடையில் யோசனை சொல்லக் கூடாது.

2. மாஸ்க்குக்குள் நீரை விட்டு வெளியேற்றும் பயிற்சியில் பலர் பதறுவார்கள். மூக்கில் நீர் ஏறியதும் மேலே பாயத் தோன்றும். மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் நுரையீரலில் காற்று விரியும். 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வரும்போது அது இரு மடங்காகிவிடும். உயிருக்கே ஆபத்து. ஆகவே எவ்வளவு நேரம் எடுத்தாலும் பொறுத்திருங்கள். படகில் கேலியும் "நான் 30 மீட்டர் போனேன்" கதைகளும் தயவுசெய்து வேண்டாம்.

3. அவர்கள் அருகில் மணலைக் கிளப்பாதீர்கள். கமராவும் தள்ளியே இருக்கட்டும்.

4. யாராவது "இன்று இறங்கவில்லை" என்றால், சரி என்று விட்டுவிடுங்கள். காரணம் கேட்க வேண்டாம்.

5. தடிமன், காதடைப்பு உள்ளவர்கள் படகில் மட்டும் வரலாம். அன்றிரவு விமானம் ஏறுபவர்களும் அப்படியே. இரு முறை இறங்கினால், விமானம் ஏறும் முன் குறைந்தது 18 மணித்தியால இடைவெளி வேண்டும்.

கடல் கொந்தளித்தால் சனி இரவு 8க்கு அறிவிப்பேன். வருபவர்கள் வெள்ளி மாலை 5க்குள் பெயரைப் பதிலாக இடுங்கள். புதியவர்களுக்கு உபகரணம் மாட்ட உதவ இருவர் தேவை, யார் உதவுவீர்கள் என்றும் சொல்லுங்கள்.