கொழுந்து நிறுவையில் கழியும் கிலோவும் அரைப்பேரும்: கோரிக்கை மனு

2025.07.14

பெறுநர்:
தொழில் ஆணையாளர் நாயகம் அவர்கள்,
தொழில் திணைக்களம்,
கொழும்பு 05.

அனுப்புநர்:
கொழுந்து பறிக்கும் தொழிலாளர்கள்,
நுவரெலியா மாவட்டத் தேயிலைத் தோட்டப் பிரிவுகள்.
(பெயர், கையொப்பம், சேமலாப நிதி இலக்கம் ஆகியவை தனி உறையில்)

பிரதிகள்: பணிப்பாளர், அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம், மாவட்டச் செயலாளர், நுவரெலியா.

கனம் ஐயா,

மலையகத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் 'பேர்' என்று பெயர். செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் ஒருவருடைய பெயருக்கு நேரே அன்றைய வேலை பதிந்தால் பேர் விழுந்தது என்பார்கள். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர். ஒரு மனுசியின் பேரையே பாதியாக்குகிற இந்த வழக்கம் எங்கே தொடங்குகிறது என்றால், மலை அடிவாரத்தில் தொங்குகிற தராசில். அந்தத் தராசைப் பரிசோதிக்கவும், அங்கே எழுதப்படும் புத்தகத்தையும் தொழிற்சாலையில் எழுதப்படும் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் உங்கள் அதிகாரிகளை அனுப்ப வேண்டும் என்பதே இந்த மனு.

கொழுந்து நிறுவை பெரும்பாலும் ஒரு நாளைக்கு மூன்று முறை நடக்கிறது: காலை பத்து மணி வாக்கில், மதியம், பின்னேரம் நாலு மணிக்கு மேல். ஒவ்வொரு நிறுவையிலும் கிலோ கழிகிற இடங்கள் பல. அவற்றை உங்கள் அதிகாரிகள் தேடி அலையாமல் இருக்க இங்கே வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது, தராசு தொங்குகிற விதம். இரண்டு பேர் தோளில் தடி வைத்து, நடுவில் தராசைக் கொழுவுகிறார்கள். தடி ஆடும்போதே முள்ளைப் பார்த்து எண் சொல்லப்படுகிறது. சாக்கின் அடி தரையிலோ தேயிலைச் செடியிலோ முட்டிக்கொண்டிருந்தால் பாரத்தில் ஒரு பங்கை நிலம் தாங்கிக்கொள்ளும். தராசு குறைத்துத்தான் காட்டும். வெறுங்கொக்கியில் முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று காலையில் யாரும் பார்ப்பதில்லை. முள் பூச்சியத்துக்கு அரைக் கிலோ கீழே நின்றால், அந்த அரைக் கிலோ அன்று நிறுக்கிற ஒவ்வொரு சாக்கிலும் போகும்.

இரண்டாவது, சாக்குக் கழிவு. வெறுஞ்சாக்கை நிறுத்துப் பார்த்தால் அதன் பாரம் தெரிந்துவிடும், அதில் வாதமே இல்லை. ஆனால் சாக்குக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று வாயால் சொல்லிக் கழிக்கிறார்கள். டிஜிட்டல் தராசு வந்ததும் இது தீரும் என்று நம்பினோம். தீரவில்லை. அந்தத் தராசில் சாக்கின் பாரத்தை முன்கூட்டியே கழித்துவைக்கிற வசதி இருக்கிறது. அப்படிக் கழித்துக் காட்டிய எண்ணிலிருந்து புத்தகத்தில் இன்னொரு முறை கழிக்கிறார்கள். ஒரே சாக்குக்கு இரண்டு கழிவு. திரையில் தெரிகிற எண்ணுக்கும் புத்தகத்தில் விழுகிற எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பத்துச் சாக்குக்குக் குறித்தாலே இது வெளிச்சத்துக்கு வரும்.

மூன்றாவது, உடைந்த கிலோ. 7.8 என்று திரையில் வந்தால் 7 என்றே பதிகிறார்கள். 8 என்று பதிந்த நாளை நாங்கள் கண்டதில்லை.

நான்காவது, தண்ணீர்க் கழிவு. மழை நாளில் இலையின் மேல் நிற்கிற தண்ணீருக்குக் கழிக்கத்தான் வேண்டும், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் வெயில் அடிக்கிற மதியத்திலும் அதே கழிவு நடக்கிறது. கேட்டால், கொழுந்தில் தண்ணீர் இருக்கிறதுதானே என்கிறார்கள். பச்சைக் கொழுந்தின் பாரத்தில் முக்கால் பங்குக்கு மேல் அதன் உள்ளே இருக்கிற நீர். அது கொழுந்தின் சொந்தப் பாரம். நாலரை முதல் ஐந்து கிலோ கொழுந்தில் ஒரு கிலோ தூள் வருகிறது என்கிற கணக்கிலேயே அந்த நீர் சேர்ந்துவிட்டது. கழிக்க வேண்டியது மேலே ஒட்டிய மழைத் தண்ணீரை மட்டும். அதை அளக்க வழி இருக்கிறது: நாலைந்து கூடையிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக எடுத்து ஒரு கிலோ நிறுத்து, வலைச்சாக்கில் போட்டு நன்றாக உதறி, துணியால் ஒற்றி, திரும்ப நிறுக்க வேண்டும். 920 கிராம் வந்தால் அன்றைய தண்ணீர்க் கழிவு நூற்றுக்கு எட்டு. பத்து நிமிட வேலை. எல்லார் கண் முன்னாலும் செய்து பலகையில் எழுதினால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஐந்தாவது, முத்தல் இலைக் கழிவு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழி முழுவதும் பறிக்கிற கையின் மேல் விழுகிறது. ஒரு மலையைப் பறித்து ஏறக்குறைய ஏழு நாளில் திரும்ப வந்தால் இரண்டு இலையும் ஒரு அரும்பும் பதமாக இருக்கும். ஆள் பற்றாமல் சுற்றுப் பத்து, பதினாலு நாளுக்குப் போனால் இலை முத்தும், காம்பு தடிக்கும், பங்கி விழும், அதாவது அரும்பு விடாமல் துளிர் அடங்கிப்போகும். சுற்றைத் தீர்மானிப்பது நிர்வாகம். கவ்வாத்து, அதாவது செடியை வெட்டிவிடுகிற வேலை, தள்ளிப்போன மலையில் செடி நெஞ்சுக்கு மேல் நிற்கும், கொழுந்து குறையும். தள்ளிப்போட்டதும் நிர்வாகம். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது பசளை இல்லாமல் காய்ந்த மலைகள் உண்டு. ஆனால் கிலோ எல்லா மலைக்கும் ஒன்றுதான். பழைய விதைத் தேயிலை மலைக்கும், வெட்டுத்துண்டு நட்டு வளர்த்த, நன்றாகக் கொழுந்தடிக்கிற வீ.பி. மலைக்கும் அதே பதினெட்டு கிலோ, அதே இருபது கிலோ. டிக்கோயா, பொகவந்தலாவைப் பக்கம் தை, மாசியில் பனியும் வெயிலும் கொழுந்தை நிறுத்திவிடும். அப்போதும் அதே எண்.

இனிக் கணக்கு. ஒருவர் உண்மையில் 25 கிலோ பறிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுவைக்கு இரண்டு கிலோ வீதம் மூன்று நிறுவையில் ஆறு கிலோ கழிந்தால் புத்தகத்தில் 19. தோட்டம் கேட்பது 20. ஒரு கிலோ குறைவு, அரைப்பேர். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய்ச் சம்பளத்தில் 675 ரூபாய் அங்கேயே போகிறது. அந்த 675க்குத் தொழில் கொள்வோர் சேமலாப நிதிக்குச் செலுத்த வேண்டிய நூற்றுக்கு 12, அதாவது 81 ரூபாயும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான நூற்றுக்கு 3, அதாவது 20 ரூபாய் 25 சதமும் கூடப் போகின்றன. 776 ரூபாய் 25 சதம். இருபதுக்கு மேல் பறித்த ஐந்து கிலோவுக்கு வர வேண்டிய காசு வேறு.

இதையே மறுபக்கமிருந்து பாருங்கள். நாற்பது பேர் பறிக்கிற ஒரு பிரிவில் ஆளுக்கு ஆறு கிலோ என்றால் நாளுக்கு 240 கிலோ. அது ஏறக்குறைய 50 கிலோ தூள். பறித்த கைக்கு எழுதப்படாத அந்தக் கொழுந்து காற்றில் போவதில்லை. லொறி ஏறுகிறது, வாட்டப்படுகிறது, அரைபடுகிறது, ஏலத்துக்குப் போகிறது.

இதைப் பிடிக்க ஒரு நேர்வழி உண்டு. மலையிலிருந்து தொழிற்சாலைக்குப் போகும் வழியில் கொழுந்து ஈரம் இழக்கும். ஒருபோதும் பாரம் கூடாது. எனவே தொழிற்சாலையில் லொறி இறங்கும்போது பதியப்படும் நிறை, மலைப் புத்தகங்களின் கூட்டுத்தொகைக்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால், கூடின ஒவ்வொரு கிலோவும் சம்பளம் கொடுக்கப்படாத கொழுந்து. மழை நாட்களில் மட்டும் தண்ணீர்க் கழிவு அளவுக்கு வித்தியாசம் வரலாம். வெயில் நாட்களை மட்டும் எடுத்து, பிரிவு வாரியாக, இரு புத்தகங்களையும் பன்னிரண்டு மாதத்துக்கு ஒப்பிட்டால் போதும். வேறு சாட்சி வேண்டாம்.

தொழிற்சங்கங்களுக்கும் தோட்டக் கம்பனிகளுக்கும் இடையே கூட்டு ஒப்பந்தம் இருந்த காலத்தில் கிலோவைப் பற்றித் தலைவர்மார் நிர்வாகத்தோடு பேச ஓர் இடமாவது இருந்தது. 2021 மார்ச்சில் சம்பளச் சபை 1,000 ரூபாயைத் தீர்மானித்த பின் அந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. சம்பளம் ஏறிய ஒவ்வொரு தடவையும் பல தோட்டங்களில் கிலோவும் ஏறியது. வர்த்தமானியில் கூட்டின காசு தராசில் திரும்பக் கழிகிறது என்றால் சம்பள உயர்வு என்பதற்கு என்ன பொருள்?

காசு போவது ஒரு பக்கம். அதோடு போகிற மற்றவற்றையும் உங்கள் முன் வைக்கிறோம்.

எண்ணைத் தொட வேண்டும் என்பதற்காக மதியச் சாப்பாட்டை நின்றபடி விழுங்குகிறார்கள். மலையில் மலசலகூடம் இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவுக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருகிற நேரத்தில் இரண்டு கிலோ போய்விடும் என்று தாய்மார் போகாமல் விடுகிறார்கள். அவசரத்தில் செடிக்குள் கை விடும்போது குளவிக் கூட்டைக் கவனிப்பதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை சனிக்கிழமையில் அம்மாவின் நிரையில் நின்று பறிக்கிறது. அரைப்பேர் விழுந்த மாதத்திலும் சம்பளச் சீட்டில் அட்வான்ஸ், சந்தா, கோயில் காசு எல்லாம் முழுதாகத்தான் கழிகின்றன. மிச்சத்தில் கடைக்காரருக்குக் கொடுக்க முடியாமல் தோடு அடகுக்கடைக்குப் போகிறது.

ஒழுக்கத்துக்கு வருகிற கேடு இதைவிடப் பெரியது. எப்படியும் கழிப்பார்கள் என்று தெரிந்தபின், கொழுந்துக்கு நடுவே முத்தலை ஒளித்து வைப்பதும், சாக்கை ஓடையில் நனைப்பதும் தொடங்குகின்றன. இது தவறு, நாங்கள் இதற்குச் சப்பைக்கட்டு கட்ட மாட்டோம். ஆனால் தராசு பொய் சொன்ன இடத்தில்தான் இந்தப் பொய் முளைத்தது. பிறகு அதையே காட்டி இன்னும் கழிக்கிறார்கள். நிறுக்கிற கங்காணியும் எழுதுகிற கணக்கப்பிள்ளையும் பல இடங்களில் அதே லயங்களில் பிறந்தவர்கள். இத்தனை மிச்சம் காட்டு என்று மேலிருந்து சொல்லப்படுவதால் தன் சித்தியின் கூடையிலேயே அவர்கள் கை வைக்கிறார்கள். மிச்சம் பிடித்த கிலோ வேண்டியவரின் பெயரில் ஏறுவதும் நடக்கிறது. கேள்வி கேட்டவருக்கு மறுநாள் கொழுந்தில்லாத நிரை. இதனால் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்காரர்கள் முகம் பார்த்துப் பேசாத நிலை வந்திருக்கிறது.

'பொலியோ பொலி' என்று சொல்லித்தான் கொழுந்தில் முதல் கை வைக்கிறார்கள். கவ்வாத்துச் சாமியைக் கும்பிட்டுத்தான் கத்தி எடுக்கிறார்கள். ஆயுத பூசையன்று தொழிற்சாலை இயந்திரங்களோடு தராசுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறார்கள். பொட்டு வைத்த அதே தராசு அடுத்த நாள் பொய் சொன்னால் அந்தப் பூசை யாருக்கு? தோட்டத்தில் கோயிலுக்குப் போகிறவர்களும் மாதாவைக் கும்பிடுகிறவர்களும் பள்ளிவாசலுக்குப் போகிறவர்களும் இருக்கிறோம். கள்ள நிறையைப் பாவம் என்று சொல்லாத சமயம் எங்களிடத்தில் இல்லை. பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். மாலையில் அம்மாவின் கூடை நிறுக்கப்படுவதையும் அதே பிள்ளைகள்தான் பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

நூறு வருடத்துக்கு முன் ஆளின் கடனை ஒரு துண்டில் எழுதி, அந்தத் துண்டோடு ஆளையும் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றினார்கள். 1921இல் அரசாங்கம் அதைச் சட்டத்தால் ஒழித்தது. எழுதப்படாத கிலோவையும் அரசாங்கத்தால் ஒழிக்க முடியும்.

சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கம், சம்பளப் பதிவேடுகளைப் பார்வையிடும் அதிகாரத்தை உங்கள் அதிகாரிகளுக்குத் தருகிறது. தராசுகளைச் சரிபார்த்து முத்திரையிடுவது 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்படி அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் பொறுப்பு. இரண்டு திணைக்கள அதிகாரிகளும் முன்னறிவித்தல் இல்லாமல் ஒன்றாக வர வேண்டும் என்று கேட்கிறோம். அறிவித்து வந்தால் அன்று மட்டும் நல்ல தராசு வெளியே வரும். 5, 10, 20 கிலோ முத்திரைப் படிக்கற்களைக் கொண்டு வந்து, அலுவலகத்தில் அல்ல, மலையில் தொங்குகிற தராசிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். பின்னேர நிறுவைக்கு வருவது நல்லது. இருட்டுகிற நேரத்தில்தான் அவசரம் கூட, கழிவும் கூட.

அதன்பின் எல்லாத் தோட்டங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை வேண்டும். தராசு நிலையான முக்காலியில் தொங்க வேண்டும். எண் தெரிகிற பக்கம் பறித்தவரைப் பார்த்திருக்க வேண்டும். சாக்கின் பாரத்தை மாதம் ஒருமுறை எல்லார் முன்னும் நிறுத்து எழுத வேண்டும். தண்ணீர்க் கழிவு மேலே சொன்ன மாதிரிச் சோதனையின்படி மட்டும். நிறை 100 கிராம் வரை பதியப்பட வேண்டும். ஒவ்வொரு நிறுவைக்கும் மொத்த நிறை, கழிவு, கழிவுக்குக் காரணம், மிச்சம் ஆகிய நான்கும் தமிழில் எழுதிய துண்டு பறித்தவர் கையில் அப்போதே கிடைக்க வேண்டும். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டோடு ஒப்பிட அவர்களிடம் வேறு எந்தக் கடதாசியும் இல்லை.

அரைப்பேரைப் பற்றி எழுத்தில் ஒரு பதில் தேவை. சம்பளச் சபை தீர்மானித்தது நாட்சம்பளம். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு வந்து, சொன்ன மலையில் சொன்ன நேரம் முழுவதும் வேலை செய்தவருக்குக் கிலோவைக் காட்டிப் பாதிச் சம்பளம் கொடுக்கத் தோட்டத்துக்கு உரிமை உண்டா, இல்லையா? உண்டு என்றால் எந்தப் பிரிவின் கீழ்? இல்லை என்றால், புத்தக ஒப்பீட்டில் வெளிப்படுகிற கிலோவுக்கும் அரைப்பேருக்கும் நிலுவையைச் சேமலாப நிதி, நம்பிக்கைப் பொறுப்பு நிதிப் பங்கோடு அறவிட்டுத் தர வேண்டும்.

இணைக்கப்பட்ட உறையில் உள்ள பெயர்கள் எந்தத் தோட்ட நிர்வாகத்துக்கும் காட்டப்படக் கூடாது. விசாரணைக்கு அழைப்பதானால் தமிழ் பேசுகிற அதிகாரி ஒருவரை, வேலை நாள் இழக்காதபடி ஞாயிற்றுக்கிழமையில், தோட்டத்துக்கு வெளியே ஓரிடத்தில் ஒழுங்கு செய்து தரும்படி கேட்டுக்கொள்கிறோம். திரையில் தெரிந்த எண்ணும் புத்தகத்தில் விழுந்த எண்ணும் நாள்வாரியாகக் குறித்த கொப்பிகளின் பிரதிகளும், அதே மாதங்களின் சம்பளச் சீட்டுகளும் உறையோடு வைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
கொழுந்து பறிக்கும் தொழிலாளர்கள்